கதவைத் தட்டவும் காசு

இந்நாட்டிற் பிறந்த பிள்ளை அரிச்சுவடியைத் தொட்ட நாள்முதல் பல்கலைக்கழகத்திற் பட்டம் ஏற்கும் நாள்வரை, “உன்னைச் சோதித்துப் பார்ப்பதற்கு இவ்வளவு பணம் கட்டு” என்று அரசு அதனிடம் கேட்பதில்லை. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம் நமக்களித்த பேறு அது. தனியார் வகுப்புகளுக்குப் பெற்றார் கொட்டிக் கொடுக்கும் பணம் வேறு கதை; அதனை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்வோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சை மண்டபத்துள் பாடசாலைப் பரீட்சார்த்தியாகப் புகும் மாணவன் தன் சுட்டெண்ணை எடுத்துச் சென்றாற் போதும். பணப்பையை எடுத்துச் செல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழக்கத்திலே வளர்ந்த நம் பிள்ளைகள், இருபத்துமூன்று இருபத்துநான்கு வயதில், கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கென அமெரிக்கா செல்ல எண்ணும்போதுதான் ஒரு புதுமையைக் காண்கிறார்கள். அங்கே கதவைத் தட்டுவதற்கே காசு கொடுக்க வேண்டும். தட்டிய கதவு திறவாவிடினும் கொடுத்த காசு திரும்பி வராது.

பிற நாடுகளை விட்டு அமெரிக்காவை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானம், பொறியியல் முதலிய துறைகளிற் கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி பெறுபவனுக்கு அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கற்கைக் கட்டணத்தைத் தள்ளிவிடுகின்றன. அத்தோடு அவனைக் கற்பித்தல் உதவியாளனாகவோ ஆராய்ச்சி உதவியாளனாகவோ அமர்த்தி, உண்ணவும் உறையவும் போதிய வேதனமும் கொடுக்கின்றன. காணி பூமி இல்லாத வீட்டுப் பிள்ளையும் கடன்படாமல் உயர் கல்வி பெறத்தக்க வழிகளுள் அது தலையாயது. உள்ளே போய்விட்டால் அவர்கள் நமக்குப் பணம் தருவார்கள். வாசலில் நிற்கும்போதோ நாம் அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

முதற் கட்டணம் ஜி.ஆர்.ஈ. என்னும் பரீட்சைக்கு உரியது. 1936ஆம் ஆண்டிற் கார்னகி அறநிலையம் ஒன்றின் ஆதரவோடு, ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா என்னும் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஒரு சோதனை முயற்சியாக அது தொடங்கியது. வெவ்வேறு கல்லூரிகளிற் பட்டம் பெற்று வருவோரை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே நோக்கம். 1947இல் உருவான ஈ.ரி.எஸ். என்னும் நிறுவனம் பின்னர் அதனைப் பொறுப்பேற்று இன்றும் நடத்தி வருகிறது. இலாப நோக்கற்ற நிறுவனம் என்று அது பதிவு பெற்றிருக்கிறது. பரீட்சைக் கட்டணம் 220 டொலர். 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அப்பரீட்சையைச் சுருக்கினார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் நடந்தது இப்பொழுது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. நேரம் பாதியாயிற்று, கட்டணம் பாதியாகவில்லை.

அடுத்தது ஆங்கில அறிவைச் சோதிக்கும் டோபல் பரீட்சை. 1964இல் தோன்றிய இப்பரீட்சைக்குக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஏறக்குறைய 200 டொலர் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டப் படிப்பு முழுவதையும் ஆங்கிலத்திலேயே முடித்தவனுக்குச் சில பல்கலைக்கழகங்கள் விலக்களிக்கின்றன, சில அளிப்பதில்லை. ஜி.ஆர்.ஈ. பெறுபேறு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். டோபல் பெறுபேறோ இரண்டே ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். இரண்டாண்டு கழிந்தால் மனிதன் ஆங்கிலத்தை மறந்துவிடுவான் என்பது அவர்கள் கருத்துப் போலும்.

இவற்றின் பின்னர் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பக் கட்டணம். ஸ்டான்போர்ட் 125 டொலர் வாங்குகிறது. ஹார்வர்ட் கலை விஞ்ஞானப் பட்டமேற் கல்லூரி 105 டொலர். பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் நாட்டவரிடம் 135 டொலரும் பிற நாட்டவரிடம் 155 டொலரும் வாங்குகிறது. குறைவாகக் கேட்கும் இடங்களும் உள. எட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவனுக்குச் சராசரி 90 டொலர் என்று கொண்டாலும் 720 டொலர் ஆகிறது. அன்றியும், ஜி.ஆர்.ஈ. பெறுபேற்றை நான்கு இடங்களுக்கே இலவசமாக அனுப்புவார்கள். அந்த நான்கையும் பரீட்சை நாளன்றே சொல்லிவிட வேண்டும். அதன்பின் ஒவ்வோர் இடத்துக்கும் 30 டொலருக்கு மேல். டோபலுக்கும் இவ்வாறே, 20 டொலருக்கு மேல்.

மேற்சொன்னவற்றைக் குறைந்த அளவிற் கூட்டினால் 1,340 டொலர் வருகிறது. டொலர் ஒன்று 300 ரூபா என வட்டமாகக் கொண்டால் நான்கு இலட்சம் ரூபா. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பயணஞ் செய்து கொழும்பிலே பரீட்சை எழுதித் திரும்பும் செலவு இதிற் சேரவில்லை. வீட்டிலிருந்தே எழுதும் வசதி 2020 முதல் உண்டு. ஆனால் அதற்கு இடையறாத இணையத் தொடர்பும், பிறர் காலடி படாத தனியறையும் வேண்டும். மூன்று பிள்ளைகளும் ஒரு பாட்டியும் இருக்கும் வீட்டில் இரண்டு மணி நேரம் தனியறை என்பது 220 டொலரிலும் அருமையான பொருள். ஒரு பட்டதாரி ஆசிரியர் மாதத்தில் எவ்வளவு சம்பளம் வீட்டுக்குக் கொண்டு வருகிறார் என்பதை ஆசிரியர் குடும்பத்து வாசகர்கள் அறிவார்கள். நான்கு இலட்சத்தை அதனால் வகுத்து மாதக் கணக்கை அவர்களே காணலாம்.

இந்த இடத்தில் 2022ஆம் ஆண்டை நினைவுகூராமல் இருக்க முடியாது. அவ்வாண்டு மாசியில் ஒரு டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபா. அப்பொழுது 205 டொலராயிருந்த ஜி.ஆர்.ஈ. கட்டணத்துக்கு 41,000 ரூபா போதும். பங்குனியில் ரூபாவைக் கட்டவிழ்த்துவிட்டார்கள்; வைகாசியில் டொலர் 360 ரூபாவுக்கு ஏறியது. அதே பரீட்சைக்கு இப்பொழுது 73,000 ரூபாவுக்கு மேல் தேவைப்பட்டது. மூன்றே மாதம். கேள்வித்தாள் கடினமாகவில்லை, மாணவன் அறிவிற் குறையவுமில்லை. அக்காலத்திற் சேமித்து வைத்திருந்த பணம் கண்முன்னே கரைவதைக் கண்டு, “அடுத்த வருடம் பார்ப்போம்” என்று விட்டவர்களை நான் அறிவேன். அடுத்த வருடம் வந்தபோது சிலருக்கு உத்தியோகம் வந்தது, சிலருக்குத் திருமணம் வந்தது, சிலருக்குத் தந்தையின் நோய் வந்தது.

பணம் இருந்தாலும் அதனைக் கட்டும் வழியும் வேண்டும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு இடந்தரும் கடனட்டை எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவையோ இலண்டனில் இருக்கும் மாமாவையோ நாட வேண்டியதாகிறது. “உங்கள் அட்டையில் ஒருக்காற் கட்டிவிடுங்கள், அப்பா இங்கே பெரியம்மாவிடம் ரூபாவைக் கொடுத்துவிடுவார்” என்று ஒரு தடவை கேட்பது எளிது. எட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எட்டுத் தடவை கேட்பது எளிதன்று. மூன்றாந் தடவை மாமா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் மாமி, “பிள்ளை எத்தனை இடத்துக்குப் போடுது?” என்று விசாரிப்பார். அந்த ஒரு கேள்விக்குப் பின் நான்காம் விண்ணப்பம் போகாது. மாமி கெட்டவரல்லர், அவர்களும் அங்கே இரவு பகலாக வேலை செய்தே அந்த அட்டைக்குப் பணம் கட்டுகிறார்கள்.

என்னிடம் உயர்தரத்திற் பௌதிகம் படித்த மாணவி ஒருத்தி பல்கலைக்கழகத்திற் சிறப்புப் பட்டம் பெற்றபின், அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் பொருட்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்தாள். அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கத்தில் ஒன்பது பல்கலைக்கழகங்களின் பெயரை எழுதியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நேரே, தன் ஆராய்ச்சி விருப்பத்துக்குப் பொருந்திய பேராசிரியர் எவர், அவர் அண்மையில் என்ன எழுதினார் என்ற குறிப்பும் இருந்தது. பல மாத உழைப்பு அது. இரண்டு கிழமை கழித்து மறுபடியும் வந்தாள். அதே பக்கத்தின் ஓரத்திற் பென்சிலால் டொலர்க் கணக்கு எழுதப்பட்டிருந்தது. ஆறு பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. எஞ்சிய மூன்றும் அவளுக்கு மிகப் பொருத்தமானவை அல்ல, மிக மலிவானவை. தாயாரின் காப்பு ஒரு சோடி அடைவுக்குப் போனது. அந்தப் பணம் இரண்டு பரீட்சைக்கும் மூன்று விண்ணப்பத்துக்குமே காணும் என்றாள்.

மூன்று இடங்களிலிருந்தும் இல்லை என்ற விடை வந்தது. மற்ற ஆறும் என்ன சொல்லியிருக்கும் என்பது எவருக்கும் தெரியாது. சிறந்த துறைகளிற் சில இடங்களுக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டியிடுவதால், அவையும் மறுத்திருக்கக்கூடும். ஆனால் ஒருவன் விண்ணப்பத்தைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்பது ஒன்று. அது படிக்கப்படாமலே போவது வேறொன்று. அவளுடைய குறிப்பின் ஆறு பிரதிகள் எந்தப் பேராசிரியரின் மேசைக்கும் போகவில்லை.

“ஆனை வாங்கத் துணிந்தவன் அங்குசத்துக்கு அழலாமா?” என்று நம்மவர் சிலர் இதனை அலட்சியமாகப் பேசுவதுண்டு. பிற்காலத்தில் டொலரிற் சம்பளம் வாங்கப் போகிறவன் இன்று நான்கு இலட்சத்தைப் பாராட்டலாமா என்பது அவர்கள் வாதம். இங்கே நடப்பது வேறு. ஆனையைக் காட்டு முன்னரே அங்குசத்தை விற்கிறார்கள். எட்டு அங்குசம் வாங்கியவனுக்கு ஓர் ஆனை கிடைத்தாலும் கிடைக்கலாம்; கிடைக்காதவனின் அங்குசத்தை எவரும் திருப்பி எடுப்பதில்லை. வசதியுள்ளவன் பன்னிரண்டு இடத்திற் போட்டு ஓரிடத்திற் பெறுகிறான். இல்லாதவன் மூன்று இடத்திற் போட்டு மூன்றையும் இழக்கிறான். பின்னர் ஊரார் முன்னவனைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். 2025ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக்கான அரச நிதி குறைக்கப்பட்டதனால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தாம் சேர்க்கும் கலாநிதிப் பட்ட மாணவர் தொகையைச் சுருக்கிக்கொண்டன. இடம் சுருங்கச் சுருங்க, தட்ட வேண்டிய கதவுகளின் தொகை பெருகுகிறது.

பல்கலைக்கழகங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். விண்ணப்பங்களைச் சரிபார்க்க அலுவலர் வேண்டும். படிக்கப் பேராசிரியர்களின் நேரம் வேண்டும். கட்டணமே இல்லையென்றால், உண்மையான விருப்பம் இல்லாதவர்களும் நூறு இடங்களுக்கு அனுப்பி வைப்பார்கள் என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 125 டொலர் என்பது கலிபோர்னியாவில் ஒருவனுடைய விளையாட்டுத்தனத்தைத் தடுக்கும் அளவினது. கிளிநொச்சியில் அது மற்றொருவனுடைய ஆசையைத் தடுக்கும் அளவினது. வறிய மாணவர்க்குச் சலுகை உண்டு என்பதும் மெய்யே. ஜி.ஆர்.ஈ. கட்டணத்திற் பாதியைக் குறைக்கும் திட்டம் ஒன்று உண்டு. அஃது அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கு வதிவுரிமை உள்ளோருக்கும் மட்டுமே உரியது. பேர்க்லியின் விண்ணப்பக் கட்டண விலக்கும் அவ்வாறே. ஆக, மிகுந்த கட்டணம் கொடுப்பவன் எவனோ அவனுக்கே சலுகை இல்லை.

விண்ணப்பம் என்னும் சொல்லை நம் முன்னோர் இறைவனிடத்தும் அரசனிடத்தும் பணிந்து கூறுவதற்கு வழங்கினர், அதற்குக் காசு வாங்கியதில்லை என்று வகுப்பில் ஒரு நாட் சொன்னேன். “கோயிலில் அருச்சனைச் சீட்டு உண்டே, சேர்” என்றான் பின்வரிசை மாணவன் ஒருவன். அவனுக்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை.

கட்டணத்தைக் கடந்து, பரீட்சையின் பயனைப் பற்றியே ஐயம் எழுந்திருக்கிறது. வன்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலும் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்திலும் உயிர்மருத்துவத் துறை மாணவர்களை ஆராய்ந்தவர்கள், ஜி.ஆர்.ஈ. புள்ளிகளைக் கொண்டு ஒருவன் நல்ல ஆராய்ச்சியாளனாவானா என்பதை முன்னறிய முடியவில்லை என்று 2017இல் எழுதினார்கள். அதனைத் தொடர்ந்து உயிரியல் துறைகள் பல அப்பரீட்சையைக் கைவிட்டன. 2020இற் கொள்ளைநோய் வந்தபோது வேறு துறைகளும் கைவிட்டன. பொருளியல் போன்ற சில துறைகள் இன்னும் பெரும்பாலும் கேட்கின்றன. செலவு குறைந்ததே என்று மகிழலாம். எனினும் பரீட்சை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. பொதுவான அளவுகோல் ஒன்று போய்விட்டால் எஞ்சுவன பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரும், பரிந்துரைக் கடிதம் எழுதியவரின் பெயருமே. அங்குள்ள பேராசிரியர் எத்தனை பேர் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில் என்னும் பெயர்களைக் கேட்டிருப்பர்? நம் பிள்ளைக்கு அந்தப் பரீட்சைப் புள்ளியே சில வேளை சாட்சியாக நின்றது. பரீட்சை இருக்கட்டும், கட்டணம் வருவாய்க்கேற்ப அமையட்டும் என்பதே என் கட்சி.

அது நடக்கும்வரை விண்ணப்பிக்க இருப்பவர்கள் செய்யத்தக்கன சில உண்டு. பரீட்சைக்குப் பெயர் கொடுக்குமுன், விரும்பிய துறை அதனைக் கேட்கிறதா என்று துறையின் தளத்திலேயே பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பொதுவான அறிவித்தலை நம்பி 220 டொலரைக் கட்டிவிடலாகாது. இலவசமாகப் பெறுபேறு அனுப்பத்தக்க நான்கு இடங்களைப் பரீட்சைக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். பல இடங்களில், அனுமதி கிடைக்கும்வரை மாணவன் தானே பதியும் புள்ளிகளையும் சாதாரணப் பிரதிகளையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆதலால் அத்தாட்சி பெற்ற பிரதிகளுக்கு முன்கூட்டியே செலவு செய்யத் தேவையில்லை. ஜி.ஆர்.ஈ. மாதிரிப் பரீட்சைகள் இரண்டை அந்நிறுவனமே இலவசமாகத் தருகிறது. அவற்றைத் தொடாமலே ஆயிரக்கணக்கில் வகுப்புக்குப் பணம் கட்டுவோரைக் கண்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் மேலாக, துறை அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, கட்டண விலக்கு உண்டா என்று கேட்க வேண்டும். பிறநாட்டாருக்கும் விலக்களிக்கும் துறைகள் உள. கேட்பது இரத்தலாகாது. நம் பிள்ளைகள் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏனோ மிகவும் கூசுகிறார்கள்.

கட்டணமில்லாக் கதவுகளும் இருக்கின்றன. ஜப்பானிய அரசு தன் தூதரகத்தின் வழியே வழங்கும் மொன்புககாகுஷோ புலமைப்பரிசிலுக்கும், 1952 முதல் இங்கு இயங்கி வரும் புல்பிரைட் ஆணைக்குழுவின் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. ஜேர்மனியிற் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பிறநாட்டு மாணவரின் சான்றிதழ்களை ஒரு பொது நிலையத்தின் மூலம் சரிபார்க்கின்றன. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவுமே கட்டணம். ஒரே சான்றிதழை எட்டு இடத்தில் எட்டுத் தரம் சரிபார்த்து எட்டுத் தரம் காசு வாங்க வேண்டியதில்லை என்பதை அந்த ஏற்பாடு காட்டுகிறது.

நம் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கிளைகள் உள்ள சங்கங்கள் வருடந்தோறும் விருந்து வைக்கின்றன. ஊரில் வளைவும் மண்டபமும் கட்டுகின்றன. கட்டட்டும். அவர்களிடமே டொலர் இருக்கிறது, அட்டையும் இருக்கிறது. வருடத்துக்கு ஐந்து பட்டதாரிகளின் விண்ணப்பக் கட்டணத்தை நேரே கட்டி, அனுமதி பெற்றவன் வேதனம் பெறத் தொடங்கியபின் திருப்பித் தரட்டும், பெறாதவன் தரவேண்டாம் என்று வைத்தால், ஒரு வளைவின் செலவிற் பல ஆண்டுக்கு நடத்தலாம். அந்தப் பட்டியலில் உள்ள பிள்ளை மாமியின் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியதில்லை.

முடிக்குமுன், வவுனியாவிலிருந்து ஒரு தந்தையார் எழுதிக் கேட்டதற்கு மறுமொழி. அவருடைய மகன் கணினி விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு அமெரிக்காவில் ஆறு இடங்களுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறானாம். காணியை ஈடு வைக்கலாமா என்று கேட்கிறார். ஐயா, நான் மேலே சொன்ன வேதனமும் கட்டண விலக்கும் கலாநிதிப் பட்டத்துக்கு உரியவை. முதுமாணிக்கு அவை பெரும்பாலும் கிடைப்பதில்லை. விண்ணப்பச் செலவு அங்கே தொடக்கமே, அதன் பின் கற்கைக் கட்டணம் பல்லாயிரம் டொலராக வரும். அனுமதி கிடைத்தபின்னும் மாணவர் பதிவுக்கு 350 டொலரும் விசாவுக்கு 185 டொலரும் கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் இவையும் திரும்பா. மகனை முதலில் ஒவ்வொரு துறைக்கும் எழுதி, நிதியுதவி உண்டா என்று எழுத்திலே விடை வாங்கச் சொல்லுங்கள். கலாநிதிப் பட்டத்துக்கே நேராக விண்ணப்பிக்கும் தகைமை அவனுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் உள்ளவர்களைப் பல துறைகள் நேரே சேர்க்கின்றன. அந்த விடைகள் வரும்வரை காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.